மறுக்கும் பொத்தான் இருந்தது, மறுக்க முடிந்ததா? 'தி கோஆர்டினேட்டர்' பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தகவல் அமைப்பு ஆய்வில் ஒரு பாதி, நிறுவனத்துக்குள் மென்பொருள் நுழைந்தபின் என்ன ஆகிறது என்று பார்க்கிறது. மறுபாதி, எது நுழையலாம் என்று தானே கட்டிக் காட்டுகிறது. இந்த இரண்டாவதைத்தான் வடிவமைப்பு சார்ந்த ஆய்வு என்கிறார்கள். இன்று அதற்கு நல்ல விதிகள் இருக்கின்றன. ஆலன் ஹெவ்னரும் மற்ற மூவரும் 2004இல் 'எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி' இதழில் 7 வழிகாட்டுதல்களை வைத்தார்கள். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் பேராசிரியர்கள் 10 பேர் 2010இல் ஒரு கொள்கை அறிக்கை எழுதினார்கள். மேலும் 111 பேராசிரியர்கள் அதற்குத் துணைநின்றார்கள். ஆய்வின் முடிவு ஒரே இடத்துக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கக்கூடாது, புதிதாக இருக்கவேண்டும், காரணம் காட்டி நிறுவப்படவேண்டும், சம்பந்தப்பட்ட தரப்புகளுக்குப் பயன் தரவேண்டும்: இந்த நான்கும்தான் அதன் சாரம்.

இவற்றில் குற்றம் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆனால் சம்பந்தப்பட்ட தரப்புகளில் ஒருவரின் பயன் இன்னொருவரின் பாதகம் என்று வந்தால்? இந்த விதிகள் வழிகளைப் பற்றி நிறையச் சொல்கின்றன. நோக்கத்தை யாரோ ஏற்கெனவே தீர்மானித்துக் கையில் கொடுத்துவிட்டதுபோலப் பேசுகின்றன. விமர்சன நோக்கு நுழைவது இந்த இடத்தில்தான். 'பிரச்சினை' என்று பெயர் சூட்டியது யார், அது தீர்ந்தால் யார் கை ஓங்கும் என்று அது கேட்கிறது.

இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவதாகிவிடும். அதனால் ஒரே ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 1980களில் விற்பனைக்கு வந்த 'தி கோஆர்டினேட்டர்', அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கணினிவழிக் கடிதம் அனுப்பிக்கொள்ள உதவும் மென்பொருள். மேலே சொன்ன விதிகள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னால் பிறந்தது. ஆனாலும் அந்த விதிகளை வைத்து மதிப்பெண் போட்டால் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிவிடும். அதனால்தான் இந்தத் தேர்வு. மட்டமாகக் கட்டிய அமைப்பை விமர்சிக்கத் தனியாக ஒரு கோட்பாடு தேவையில்லை.

இருவர்

ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ் சிலி நாட்டுக்காரர், பொறியாளர். அதிபர் சால்வடோர் அயெந்தேயின் அரசில் முதலில் தொழில் வளர்ச்சிக் கழகத்தில் பொறுப்பு வகித்தார், பிறகு அமைச்சரானார். பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபோர்டு பீரை 1971இல் சிலிக்கு அழைத்தவர் அவர்தான். தேசியமயமாக்கிய ஆலைகளை டெலக்ஸ் வலையால் இணைத்து நடத்தும் 'சைபர்சின்' திட்டம் அப்படித்தான் தொடங்கியது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கப் பார்த்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே சரக்கு இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய அந்த டெலக்ஸ் வலை உதவியது. 1973 செப்டம்பர் 11இல் ராணுவப் புரட்சி நடந்தது. ஃப்ளோரஸ் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். விடுதலையான பின் கலிஃபோர்னியா.

டெர்ரி வினோகிராட் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த 'ஷ்ருட்லு' நிரலால் பெயர் பெற்றவர். திரையில் உள்ள கட்டைகளை எடு, அடுக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது புரிந்துகொண்டு செய்யும். பிறகு, மொழியைப் புரிந்துகொள்வது என்றால் உலகத்தைச் சின்னங்களாகக் கணினிக்குள் வைப்பது என்ற எண்ணத்திலேயே அவருக்கு நம்பிக்கை குறைந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஃப்ளோரஸோடு பழகியது அதற்கு ஒரு பெரிய காரணம். இருவரும் சேர்ந்து 1986இல் ஒரு நூல் எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவின் அடிப்படையையே ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரின் சிந்தனையை வைத்து உலுக்கிய நூல் அது. அப்போதே ஃப்ளோரஸின் நிறுவனமான ஆக்ஷன் டெக்னாலஜீஸ் இந்த மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டது.

ஆக, இதைக் கட்டியவர்களுக்கு அதிகாரம் என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ஒருவர் அதிகாரத்தில் அமர்ந்தவர், அதனால் சிறைக்கும் போனவர்.

பொருள் எப்படி இயங்கியது

தத்துவ அறிஞர்கள் ஜான் ஆஸ்டினும் ஜான் சர்லும் உருவாக்கிய பேச்சுச்செயல் கோட்பாடுதான் அடித்தளம். பேசுவது தகவல் சொல்வது மட்டுமல்ல. பேசும்போதே ஒன்றைச் செய்கிறோம். கேட்கிறோம், வாக்குத் தருகிறோம், மறுக்கிறோம், அறிவிக்கிறோம். அலுவலகம் என்பது இப்படிப்பட்ட வாக்குறுதிகளின் வலை என்றார் ஃப்ளோரஸ். அவருடைய பெர்க்லி முனைவர் ஆய்வேடும் (1982) எதிர்கால அலுவலகத்தின் தகவல் பரிமாற்றம் பற்றியதுதான். வேலை கெடுவது தகவல் பற்றாக்குறையால் அல்ல, யார் யாருக்கு என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பது மங்கலாக இருப்பதால்தான் என்பது அவர் கணிப்பு.

நூலில் ஒரு வரைபடம் இருக்கிறது. 'அ' ஒன்றைக் கேட்கிறார்; 'ஆ' ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வேறொன்றை முன்வைக்கலாம்; முடித்ததாகச் சொல்லலாம்; 'அ' திருப்தி என்று அறிவித்தால் உரையாடல் நிறைவு. மொத்தம் 9 நிலைகள். அவற்றில் 4 இடங்களில் உரையாடல் முடிவுக்கு வரலாம். அழகான வரைபடம். ஒரு பக்கத்தில் அலுவலக வாழ்க்கையே அடங்கிவிட்டது என்று தோன்ற வைக்கும்.

மென்பொருளில் இது அப்படியே பட்டியலானது. புதுக் கடிதம் எழுதத் தொடங்கும்போதே அது வேண்டுகோளா, நான் முன்வந்து செய்வதா என்று வகை சொல்லவேண்டும். வேண்டுகோள் என்றால் தேதிகள் கேட்கும்: எப்போதைக்குள் பதில், எப்போதைக்குள் வேலை, எப்போது நினைவூட்டல். பெற்றவருக்கு எட்டுத் தேர்வுகள் வரும். பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன், மாற்று யோசனை, மறுக்கிறேன், இடைக்கால அறிக்கை, முடித்துவிட்டேன், பிறகு ஒரு வகைக்குள்ளும் வராத கட்டற்ற பதில். எட்டாவது ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 'இன்ன தேதிக்குள் முடிவு சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' அதாவது 'பார்த்துச் சொல்றேன்' என்று நழுவுவதற்கும் ஒரு தேதி போட்டாகவேண்டும்.

இப்போது மதிப்பெண் போடுவோம். புதிய ஆக்கமா? ஆம். உண்மையான பிரச்சினையா? வாக்குறுதிகள் காற்றில் போவதைப் பார்த்திராத மேலாளர் இருக்கமாட்டார். கோட்பாட்டு வலிமை உண்டா? இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் கோட்பாடு ஒரு அத்தியாயத்தில் வந்து போய்விடும். இங்கே மெனுவின் ஒவ்வொரு வரியும் கோட்பாட்டிலிருந்து வந்தது. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துவதா? இல்லை, எங்கும் பொருந்தும் என்பதே அவர்கள் வாதம். கருத்தைப் பரப்பினார்களா? நூல், கட்டுரை, பயிற்சி வகுப்பு எல்லாம் இருந்தன. மதிப்பீடு ஒன்றுதான் இடிக்கும். அதையும் பார்ப்போம்.

பயனாளர் செய்தது

1980களின் இறுதியிலும் 1990லும் வந்த கள ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றன. பலர் இதைச் சாதாரண மின்னஞ்சலாகப் பயன்படுத்தினார்கள். வகைகளை ஒதுக்கிவிட்டு எழுதினார்கள், அனுப்பினார்கள். இன்னும் சிலர் கோபப்பட்டார்கள். 'நாஜிவேர்', அதாவது நாஜித்தனமான மென்பொருள், என்று ஒரு பட்டப்பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு பெயர் சும்மா வருவதில்லை.

இதற்கு வழக்கமான விளக்கம்: பயிற்சி போதவில்லை, இடைமுகம் கடினம், சொற்கள் புரியவில்லை. வடிவமைப்பு ஆய்வின் மொழியில், அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளவேண்டிய குறைகள். ஆய்வாளர் ஜொனதன் க்ரூடின் 1988இல் இன்னொரு கோணம் தந்தார்: குழுவாகப் பயன்படுத்தும் மென்பொருள் தோற்பதற்கு ஒரு பெரிய காரணம், கூடுதல் வேலை ஒருவருக்கும் ஆதாயம் இன்னொருவருக்கும் போவது. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் வசதியை அவர் எடுத்துக்காட்டினார். எல்லோரும் தங்கள் நாட்காட்டியை நிரப்பிவைக்கவேண்டும். பலன் கூட்டம் கூட்டுபவருக்கு. கோஆர்டினேட்டரிலும் இதுதான். வகை பிரிக்கும் உழைப்பு அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவருக்கும் இருக்கிறது. ஆனால் நிலுவைப் பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைவது வேலை வாங்குகிறவர்.

க்ரூடின் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. அது செலவு, ஆதாயக் கணக்கு. அதிகாரத்தை அவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

சச்மனின் கேள்வி, வினோகிராடின் பதில்

அதிகாரத்தைப் பெயர் சொல்லி அழைத்தவர் லூசி சச்மன். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த மானிடவியலாளர். 1993இல் ஒரு ஐரோப்பிய மாநாட்டில் பேசி, 1994இல் கணினிவழிக் கூட்டுப்பணி இதழில் வெளியிட்ட கட்டுரையில் அவர் கேட்டது: வகைகளுக்கு அரசியல் உண்டா? அரசியல் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980இல் பொருட்களுக்கு அரசியல் உண்டா என்று கேட்டதன் தொடர்ச்சி.

அவர் வாதத்தில் இரண்டு இழைகள். ஒன்று மொழி பற்றியது. ஒரு சொல் வேண்டுகோளா, கேள்வியா, குத்தலா என்பது பேசுகிறவர் மனதில் முன்கூட்டியே தீர்ந்துவிடுவதில்லை; அடுத்தவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் தீர்கிறது. 'அந்த அறிக்கை தயாராயிடுச்சா?' என்று ஒருவர் கேட்டால், 'இன்னும் இல்லை' என்று பதில் சொல்கிறவர் அதைக் கேள்வியாக்குகிறார். 'இதோ அனுப்புறேன்' என்கிறவர் அதையே வேண்டுகோளாக்குகிறார். அனுப்பும் முன்பே வகை சொல் என்று கேட்கும் மென்பொருள், இந்த இரண்டாவது ஆளின் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது இழை கனமானது. சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸின் ஓர் ஆய்வை அவர் துணைக்கு எடுத்தார். காரை வேகத்துக்காக மாற்றியமைத்து ஓட்டிய அமெரிக்கப் பதின்பருவத்தினர் தங்களை 'ஹாட்ராடர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 'டீனேஜர்' என்பது பெரியவர்கள் அவர்களுக்கு வைத்த வகை. முதலாவதில் யார் உள்ளே, யார் வெளியே என்று அவர்களே தீர்மானிப்பார்கள். இரண்டாவதில் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோஆர்டினேட்டரின் வகைகளும் வேலை செய்கிறவர்கள் சூட்டியவை அல்ல. வெளியிலிருந்து வந்தவை, நிர்வாகம் வாங்கிக் கொடுத்தவை. அதனால் அது ஒழுங்குபடுத்தும் கருவி என்றார் சச்மன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோவின் பொருளில்: வகைப்படுத்தி, கண்காணித்து, மனிதரை வழிக்குக் கொண்டுவரும் கருவி.

வினோகிராட் அதே இதழில் பதில் எழுதினார். தப்பிக்கப் பார்க்கவில்லை. தினமும் முகம் பார்த்துப் பேசாத பலர் சேர்ந்து இயங்கவேண்டுமென்றால், வெளிப்படையான, எல்லோருக்கும் பொதுவான வகைகள் தேவை என்றார். கணக்கு வைப்பதும் அப்படி ஒரு ஒழுங்குதான். அது இல்லாமல் பெரிய நிறுவனம் நடக்காது. ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே அடக்குமுறை என்று பாயவேண்டாம் என்பது அவர் நிலை.

எனக்கு இதில் பாதி வினோகிராட் பக்கம்தான். மங்கல் எப்போதும் எளியவருக்குச் சாதகம் என்பது உண்மையல்ல. வாய்மொழியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு 'நான் எப்போ சொன்னேன்?' என்று கைவிரிக்கும் மேலதிகாரியிடம் வேலை பார்த்தவருக்கு, 'எழுத்தில் கொடுங்கள்' என்பதன் அருமை தெரியும். தேதியோடு, வகையோடு பதிவான வேண்டுகோள் கீழே இருப்பவருக்குக் கவசமாகவும் ஆகலாம். சச்மனின் கட்டுரை இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்று: ஒழுங்குபடுத்தும் கருவி என்று அவர் சொன்ன பொருளைப் பலர் சத்தமில்லாமல் மின்னஞ்சலாக மாற்றிவிட்டார்கள். ஃபூக்கோ எதிர்பார்த்த அளவுக்கு அந்த ஒழுங்கு பலிக்கவில்லை.

ஆனால் மறுபாதியில் வினோகிராட் பதில் சொல்லாத ஒன்று இருக்கிறது.

'அ'வும் 'ஆ'வும் யார்?

அந்த 9 நிலை வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள். 'அ' கேட்கலாம், 'ஆ' மறுக்கலாம். இடம் மாற்றிப் போட்டாலும் வரைபடம் மாறாது. யார் மேலாளர், யார் ஒப்பந்தப் பணியாளர், யாருடைய ஆண்டு மதிப்பீட்டை யார் எழுதுகிறார் என்று அதில் எங்குமே இல்லை. காகிதத்தில் இருவரும் சமம். அதிகாரத்தை மறந்துவிட்டதால் வந்த சமத்துவம் இது. 'மறுக்கிறேன்' என்ற தேர்வு இருவர் திரையிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கிறது. ஒருவர் அதை அழுத்தினால் உரையாடல் முடியும். இன்னொருவர் அழுத்தினால் அப்போதுதான் உரையாடல் தொடங்கும், அதுவும் மூடிய கதவுக்குப் பின்னால்.

முன்பு இந்த இரண்டாமவரிடம் இருந்தது மங்கல்தான். பார்க்கலாம் என்பார், பாதி செய்வார், வேறு வேலை வந்துவிட்டது என்பார். நேராக மறுக்கமுடியாதவரின் மறுப்பு அது. கோஆர்டினேட்டர் அந்த வழியை அடைத்து, அதற்கு ஈடாக அவரால் பயன்படுத்தமுடியாத ஒரு பொத்தானைக் கொடுத்தது. சச்மன் சொன்னதுபோல அரசியல் வகைகளுக்குள் இருப்பதாக எனக்குப் படவில்லை. எந்த வகையில் பதில் சொல் என்று யார் யாரை நிர்ப்பந்திக்கமுடியும் என்பதில் இருக்கிறது.

இதைக் கோட்பாடு முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்பதுதான் வேதனை. பேச்சுச்செயலை வைத்தே சமூக விமர்சனம் கட்டிய ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹேபர்மாஸ் அப்போதே தகவல் அமைப்பு ஆய்வாளர்களுக்குப் பரிச்சயம். 1980களின் நடுவிலேயே கல்லே லூட்டினனும் ஹைன்ஸ் க்ளைனும் அவர் கோட்பாட்டை இந்தத் துறைக்கு அடித்தளமாக முன்மொழிந்தார்கள். ஒரு கூற்று உண்மையா என்பதோடு, அதைச் சொல்ல இவருக்கு உரிமை உண்டா, மனதாரச் சொல்கிறாரா என்றும் கேள்வி எழுப்ப வழி இருக்கவேண்டும் என்பது ஹேபர்மாஸ். கோஆர்டினேட்டரின் எட்டுப் பதில்களில் 'இதை என்னிடம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை' என்பது கிடையாது. வேண்டுகோளை ஏற்கலாம், மறுக்கலாம். அந்த வேண்டுகோளின் நியாயத்தைக் கேள்வி கேட்கமுடியாது.

ஏன் இந்தக் குரல் வடிவமைப்பை எட்டவில்லை? தகவல் அமைப்பு ஆய்வாளர்கள் வான்டா ஓர்லிகோவ்ஸ்கியும் ஜாக் பரூடியும் 1991இல் ஒரு கணக்கெடுத்தார்கள். 1983 முதல் 1988 வரை வந்த 155 ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்ததில், 96.8 விழுக்காடு நேர்க்காட்சிவாத வகை, அதாவது அளந்து, கருதுகோளைச் சோதித்துப் பார்க்கும் வகை. விமர்சன நோக்கில் ஒன்றுகூட இல்லை. கோஆர்டினேட்டர் விற்பனைக்கு வந்து, பயன்பட்டு, திட்டு வாங்கிய ஆண்டுகளும் ஏறத்தாழ அவைதான்.

ஆய்வாளர் என்ன செய்திருக்கலாம்

விமர்சன நோக்கின் மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. கட்டி முடித்த வீட்டைச் சுற்றிவந்து விரிசல் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற நாளில் ஆளைக் காணோம். மைக்கேல் மையர்ஸும் ஹைன்ஸ் க்ளைனும் 2011இல் விமர்சன ஆய்வுக்கான நெறிகளைத் தொகுத்தபோது, இருப்பதை விமர்சிப்பதோடு மாற்றத்துக்கும் வழி காட்டவேண்டும் என்றார்கள். சரி, இந்த நிகழ்வில் அது என்னவாக இருந்திருக்கும்?

முதலில், பிரச்சினையை எழுதும் வரியையே இரண்டு முறை எழுதியிருக்கலாம். வேலை வாங்குகிறவரிடம் கேட்டால் 'ஒப்புக்கொண்டதைச் செய்வதில்லை' என்பார். வேலை செய்கிறவரிடம் கேட்டால் 'முடியாததையெல்லாம் ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள்' என்று வந்திருக்கலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. முதல் வரியிலிருந்து நினைவூட்டல் பிறக்கும். இரண்டாவதிலிருந்து, ஒருவர் தலையில் ஏற்கெனவே எத்தனை வாக்குறுதி இருக்கிறது என்று புது வேண்டுகோள் அனுப்புகிறவருக்கு முதலில் காட்டும் திரை பிறக்கும். இரண்டாவது வரி எந்த வடிவமைப்புக் கூட்டத்திலாவது பலகையில் எழுதப்பட்டதா என்பதுதான் கேள்வி.

வகைகளை யார் திருத்தலாம் என்பது அடுத்தது. பணியாளர்களே ஒரு வகையைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தால் சாக்ஸின் 'ஹாட்ராடர்' நிலைக்குக் கொஞ்சம் நெருங்கலாம். இது கேட்க எளிது. ஆளுக்கொரு வகை சேர்த்தால் பொதுவான வகை என்ற வினோகிராடின் தேவையே அடிபடும். இங்கே வடிவமைப்பாளருக்கு உண்மையான தலைவலி இருக்கிறது. விமர்சகர்கள் அதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். 'பயன்படுகிறதா' என்று சராசரி எடுத்தால் தோல்வி என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். கட்டற்ற பதில் என்ற தேர்வுக்குள் மக்கள் குடியேறியதைக் குறையாகப் பார்க்காமல் தரவாகப் பார்த்தால் வேறு கதை வரும். யார் குடியேறினார்கள்? மேலதிகாரிக்கு எழுதும்போதா, சக பணியாளருக்கு எழுதும்போதா? 'மறுக்கிறேன்' யாரிடமிருந்து யாருக்குப் போனது? மென்பொருளே இதையெல்லாம் வகை வாரியாகச் சேமித்து வைத்திருந்தது. பணியாளரைக் கண்காணிக்க உதவும் அதே பதிவேட்டை அதிகாரத்தைக் கண்காணிக்கவும் புரட்டலாம். பெயர் நீக்கி, பதவி நிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அட்டவணை போட்டால் போதும்.

கோஆர்டினேட்டர் பின்னர் மறைந்தது. அதன் கருத்து மறையவில்லை. 1992இல் ஃப்ளோரஸ், வினோகிராட் உள்ளிட்டோர் 'ஆக்ஷன் வொர்க்ஃப்ளோ' என்ற அணுகுமுறையை வெளியிட்டார்கள்: முன்மொழிவு, உடன்பாடு, செயல், திருப்தி என்று நான்கு கட்டச் சுழற்சி. பணிப்பாய்வு மென்பொருள் என்று ஒரு சந்தையே அந்தக் காலத்தில் உருவானது.

இன்று எந்த அணியும் கணினியில் வைத்திருக்கும் பணிப்பலகையைத் திறந்து பாருங்கள். செய்யவேண்டியது, நடக்கிறது, முடிந்தது: பெரும்பாலும் மூன்று பத்திகள். ஒருவர் பெயருக்கு வேலையை ஒதுக்கினால் அது அவருடையது. ஒப்புக்கொண்டாரா என்று பலகை கேட்பதில்லை. 'உடன்பாடு' என்ற கட்டமே காணாமல் போய்விட்டது. 'நாஜிவேர்' என்று திட்டு வாங்கிய மென்பொருளில் மறுப்பதற்கும் மாற்று யோசனை சொல்வதற்கும் பெயராவது இருந்தது. இந்தப் பலகைகளை யாரும் அப்படித் திட்டுவதில்லை. நட்பான நிறம், இழுத்துப் போட எளிது, பயன்பாட்டு ஆய்வில் நல்ல மதிப்பெண். வடிவமைப்பு சார்ந்த ஆய்வேடு எழுதப்போகிறவர் ஒருவர் இப்படி ஒரு பலகையை எடுத்து, ஒதுக்குவதற்கும் தொடங்குவதற்கும் நடுவே 'ஏற்கிறேன், மறுக்கிறேன், வேறு தேதி' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதை எந்தப் பதவி நிலையில் இருப்பவர்கள் எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். கட்டுவதற்குச் சில வாரங்கள் போதும். அந்தப் பத்தியை வைக்க எந்த நிர்வாகம் சம்மதிக்கிறது, எது மறுக்கிறது என்பதையும் முடிவுகளோடு சேர்த்து எழுதவேண்டும்.